இசிஜி ‘இயல்பு’ என்றது. நான்கு மணி நேரத்துக்குள் மாரடைப்பு எப்படி வந்தது?

செபராங் பிறையிலிருந்து 43 வயது வாசகி ஒருவர் எழுதிய ஆறு பக்கக் கடிதத்தை இங்கே சுருக்கித் தருகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

அவருடைய கணவருக்கு 48 வயது. பிறைத் தொழிற்பேட்டையில் தொழில்நுட்பராக வேலை செய்கிறார். எட்டு ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். ஏழு மாதங்களுக்கு முன் ஓர் இரவு, சாப்பிட்டு முடித்த சிறிது நேரத்தில் மேல்வயிற்றில் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல் இருக்கிறது என்றார். சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது. வழக்கமான ‘கேஸ்டிரிக்’ என்றே வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். ஆனாலும் பத்து மணியளவில் அருகிலிருந்த 24 மணி நேரக் கிளினிக்குக்குச் சென்றார்கள். அங்கே இசிஜி எடுத்தார்கள். தாளின் மேல்விளிம்பில் இயந்திரமே ‘இயல்பு’ என்று அச்சடித்திருந்தது. வயிற்றுக்கு ஓர் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் வலியும் பெரிதாகக் குறைந்திருந்தது.

இரவு ஒன்றரை மணிக்கு வலி வாந்தியோடு திரும்பி வந்தது. பக்கத்து வீட்டு மாமா தாம் வைத்திருந்த, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். காரில் ஏறும்போதே கணவர் மயங்கிச் சரிந்தார். சிறிது நேரத்தில் கண் விழித்தார். மனைவியே காரை ஓட்டிப் பினாங்குப் பாலத்தைக் கடந்து, தீவிலுள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தார். அங்கே எடுத்த இரண்டாவது இசிஜியில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தது. வலது இதயத் தமனியில் அடைப்பை நீக்கி ஸ்டெண்ட் வைத்தார்கள்.

வாசகி கேட்பவை இவை. முதல் தாளைக் கிளினிக் தவறாகப் படித்ததா, வழக்குப் போடலாமா? இனி இப்படி நேராமல் இருக்கத் தாமே இசிஜி படிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா? உள்ளங்கையில் அடங்கும் இசிஜி கருவி ஒன்றை வாங்கி, காலையும் மாலையும் பதிவெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அது ‘வகைப்படுத்த முடியவில்லை’ என்று காட்டியதாலும், மருத்துவமனை கொடுத்த தாளில் ‘இயல்பற்றது’ என்று இருந்ததாலும் கடந்த மாதம் மட்டும் மூன்று முறை அவசரப் பிரிவுக்கு ஓடியிருக்கிறார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பது வீண், கார்தான் வேகம் என்கிறார் கொழுந்தனார், அது சரியா? டயாலிசிஸ் செய்துகொள்ளும் மாமியாருக்கும் இந்தக் கருவி உதவுமா? கடிதத்தின் கடைசி வரியில், உடம்பில் நீலத் தழும்புகள் வருவதால் கணவர் இரண்டு வாரங்களாக ‘இரத்தம் கட்டாமல் இருக்கும் மாத்திரை’ இரண்டில் ஒன்றை நிறுத்திவிட்டார் என்றும் குறிப்பிட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கடைசி வரியில் எழுதியதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. ஸ்டெண்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையையும் சேர்த்து, மாரடைப்புக்குப் பிறகு பொதுவாக 12 மாதங்கள் கொடுப்போம். தமனிக்குள் இருப்பது ஓர் உலோக வலை; அதன் மேல் உடலின் மெல்லிய உள்தோல் படர்ந்து மூடும்வரை இரத்தம் அங்கே உறையப் பார்க்கும். இடையில் நிறுத்தினால் அதே இடத்தில் திடீரென முழு அடைப்பு ஏற்படக்கூடும். தோலில் நீலத் தழும்பு வருவது எரிச்சலூட்டும்தான். ஆனால் மலம் கறுப்பாகப் போவதோ, மூக்கில் இரத்தம் நிற்காமல் வருவதோ இல்லையென்றால், அது மாத்திரையை நிறுத்தக் காரணமாகாது. இதை வாசித்ததும் அடுத்த சந்திப்பு நாளுக்குக் காத்திராமல், ஸ்டெண்ட் வைத்த மருத்துவமனையின் இதயப் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை நாள் நின்றது என்பதைச் சொல்லுங்கள். எப்படித் தொடங்குவது என்பதை அவர்களே சொல்வார்கள். தழும்பு உண்மையிலேயே தொல்லையென்றால் மருந்தை மாற்றவும் வழியுண்டு. அந்த முடிவை வீட்டில் எடுக்காதீர்கள்.

முதல் தாளில் என்ன இருந்தது

நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களின் படங்களையும் பார்த்தேன். கைப்பேசிப் படத்தை வைத்து ஒருவரை நேரில் சோதித்ததுபோல் கருத்துச் சொல்ல முடியாது என்ற வரம்புக்குள் நின்றே எழுதுகிறேன்.

இசிஜியை நெஞ்சின் எக்ஸ்ரே போன்றதென்றும், அடைப்பு இருந்தால் அதில் படமாகத் தெரிந்துவிடும் என்றும் பலர் நம்புகிறார்கள். உங்கள் கடிதத்திலும் அந்த நம்பிக்கை தெரிகிறது. இசிஜி தமனியைப் பார்ப்பதே இல்லை. இதயத் தசையில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஓடும் மின்னோட்டத்தைத் தோலுக்கு மேலிருந்து அளக்கிறது, அவ்வளவுதான். இரத்தம் கிடைக்காத தசையின் மின்னோட்டம் மாறும். அந்த மாற்றத்தை வைத்து அடைப்பை ஊகிக்கிறோம். உடலில் பத்து இடங்களில் ஒட்டும் முனைகளிலிருந்து பன்னிரண்டு கோணங்களை இயந்திரம் கணக்கிட்டுத் தருகிறது. அவற்றையே லீட் என்கிறோம். கொம்தார் கோபுரத்தை பட்டர்வொர்த் படகுத்துறையிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் தெரியும், ஆயர் ஈத்தாமிலிருந்து பார்த்தால் மறுபக்கம் தெரியும். அதுபோல இரண்டாம் லீட், மூன்றாம் லீட், ஏவிஎஃப் ஆகிய மூன்றும் இதயத்தின் அடிச்சுவரைக் கீழிருந்து பார்ப்பவை. நெஞ்சில் ஒட்டும் வி1 முதல் வி4 வரையிலானவை முன்சுவரைப் பார்ப்பவை. இதயத்தின் பின்புறத்தை நேராகப் பார்க்கும் லீட் எதுவும் வழக்கமான பன்னிரண்டில் இல்லை. பின்சுவரில் மாரடைப்பு என்று ஐயம் வந்தால் முதுகுப்பக்கம் முனைகளை ஒட்டித் தனியாகப் பார்க்க வேண்டும்.

உங்கள் கணவரின் இரண்டாவது தாளைப் படிக்க மருத்துவராக இருக்கத் தேவையில்லை. அடிச்சுவரைப் பார்க்கும் மூன்று லீட்களிலும், துடிப்பின் கூர்முனைக்குப் பிறகு அடிக்கோட்டில் செல்ல வேண்டிய எஸ்டி பகுதி, மூன்று சிறு கட்டங்களுக்கு மேல் எழுந்து நிற்கிறது. ஒரு சிறு கட்டம் என்பது ஒரு மில்லிமீட்டர். பெரும்பாலான லீட்களில் அடுத்தடுத்த இரண்டில் ஒரு மில்லிமீட்டர் எழுந்தாலே அது அவசரம்; வி2, வி3 ஆகியவற்றில் மட்டும் வயதையும் பாலினத்தையும் பொறுத்து அளவு கூடும்.

முதல் தாளின் நிலை வேறு. அந்த மூன்று லீட்களிலும் எஸ்டி பகுதி அடிக்கோட்டில்தான் இருக்கிறது. இயந்திரம் ‘இயல்பு’ என்றதற்கு அதுவே காரணம். ஆனால் இடது தோள்பக்கத்திலிருந்து பார்க்கும் ஏவிஎல் லீடில் எஸ்டி பகுதி இலேசாகத் தாழ்ந்து, அதன் பின்வரும் டி அலை தலைகீழாகக் கவிழ்ந்திருப்பதுபோல் எனக்குத் தெரிகிறது. அடிச்சுவர் மாரடைப்பின் தொடக்கத்தில், கீழே எதுவும் எழுவதற்கு முன்பே, எதிர்ப்பக்கமான ஏவிஎல்லில் இப்படி ஒரு நிழல் விழுவதுண்டு. இதே தோற்றம் சிலருக்குப் பிறவியிலேயே இயல்பாகவும் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முடிவு தெரிந்த பிறகு தாளைப் பார்க்கும் எனக்கு அது கண்ணில் படுகிறது. இரவு பத்து மணிக்குக் கூட்டம் நிறைந்த கிளினிக்கில், வலி குறைந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தாளில் அது எனக்குப் பட்டிருக்கும் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல மாட்டேன்.

எனவே ‘தாளைத் தவறாகப் படித்தார்களா’ என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படவில்லை. வழக்கமான இசிஜி தாள் பத்து வினாடிகளின் பதிவு. அதிலும் ஒவ்வொரு லீடுக்கும் கிடைப்பது ஏறத்தாழ இரண்டரை வினாடிதான். மாரடைப்போ நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது. தமனிக்குள் உடைந்த கொழுப்புப் படிவின் மேல் இரத்தம் உறைகிறது, கொஞ்சம் கரைகிறது, மீண்டும் உறைகிறது. வழி திறக்கும்போது வலி குறையும், தாளும் நல்லதாகக் காட்டும்; அடைக்கும்போது இரண்டும் திரும்பும். உங்கள் கணவருக்கு வலி குறைந்ததும், ஊசி வேலை செய்கிறது என்று எல்லாரும் நிம்மதியடைந்ததும் அந்த இடைவெளியில் நடந்திருக்கலாம். 48 வயது, நீரிழிவு, வியர்வையோடு மேல்வயிற்று அடைப்பு என்ற மூன்றும் ஒன்றாக வந்தவரின் முதல் இசிஜி எவ்வளவு அழகாக இருந்தாலும், முதல் ஒரு மணி நேரத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் திரும்ப எடுக்க வேண்டும். இதயத் தசை காயப்படும்போது இரத்தத்தில் கசியும் டிரோபோனின் என்ற புரதத்தின் அளவைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். கிளினிக்கில் அந்த வசதி இல்லையென்றால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அந்த இரவில் தவறிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

இயந்திரம் தாளில் அச்சிடும் முடிவைப் பற்றியும் ஒரு சொல். பல இயந்திரங்கள் அந்த வரிக்குப் பக்கத்திலேயே, இது மருத்துவரால் உறுதிப்படுத்தப்படாதது என்று சேர்த்தே அச்சிடும். யாரும் அதைப் படிப்பதில்லை. நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் எங்கள் மூத்த மருத்துவர் தாளின் மேல்விளிம்பை மடித்துவிட்டுத்தான் எங்களிடம் கொடுப்பார். அதற்கும் முன்பாக நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். நெற்றி சில்லென்று வியர்த்திருந்தால், தாள் என்ன சொன்னாலும் அவரை வீட்டுக்கு அனுப்ப அவர் சம்மதித்ததில்லை.

நீரிழிவைத் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. நீண்டகால நீரிழிவு நரம்புகளை மழுங்கச் செய்வதால், மாரடைப்பின் வலி நெஞ்சைப் பிழியும் வலியாக வராமல் வயிற்று உப்புசமாக, மூச்சிரைப்பாக, காரணமில்லாத களைப்பாக வரலாம். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் இப்படி நேர்வது அதிகம். நம் வீடுகளில் ‘கேஸ்டிரிக்’ என்றும் ‘வாய்வு’ என்றும் சொல்லிச் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுக்கும் நேரம், பல சமயம் தசை செத்துக்கொண்டிருக்கும் நேரம். எது வாயு, எது இதயம் என்பதை வீட்டில் பிரித்தறிய முடியாது; புதிதாக வந்து, வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்து, 10 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் இதயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு மாமாவின் மாத்திரை

அந்த மாத்திரைதான் உயிரைக் காப்பாற்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். மாமாவின் நல்லெண்ணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நடந்தது அநேகமாக நேர்மாறானது. நாக்குக்கு அடியில் வைக்கும் அந்த மாத்திரை இரத்தக் குழாய்களை விரியச் செய்யும், உறைந்த இரத்தத்தைக் கரைக்காது. வலது தமனி அடைபடும்போது, அடிச்சுவரோடு சேர்ந்து இதயத்தின் வலது கீழறையும் பலவீனமடைவதுண்டு. அப்போது உடலிலிருந்து திரும்பி வரும் இரத்தத்தின் அழுத்தத்தை நம்பியே இதயம் ஓடுகிறது. அந்த வேளையில் குழாய்களை விரித்துவிட்டால் இரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்கி, அழுத்தம் சட்டென விழும். மருத்துவமனையில் கால்களை உயர்த்தி வைத்து, உப்புநீரை வேகமாக ஏற்றினார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பது இதனோடு பொருந்துகிறது. அடிச்சுவர் மாரடைப்பு தானாகவே துடிப்பைக் குறைத்து மயக்கம் தரக்கூடியது என்பதால் மாத்திரை மட்டுமே காரணம் என்று நான் அறுதியிடவில்லை. அடிச்சுவர் மாரடைப்பைக் கண்டவுடன் மருத்துவர்கள் நெஞ்சின் வலப்புறத்திலும் ஒரு முனையை ஒட்டிப் பார்ப்பது இந்த ஆபத்துக்காகத்தான்.

இன்னொன்றையும் கூச்சமில்லாமல் எழுத வேண்டியிருக்கிறது. ஆண்மைக் குறைவுக்காகச் சிலர் வீட்டில் சொல்லாமல் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளோடு இது சேர்ந்தால் அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கும். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும், தடாலஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் இதைக் கொடுக்கவே கூடாது. எனவே பிறருக்கு எழுதிக் கொடுத்த இதய மாத்திரை உங்கள் வீட்டு அலமாரிக்கு வேண்டாம். உங்கள் கணவருக்கென்றே மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், உட்கார்ந்த நிலையில், அவர் சொன்ன முறைப்படி மட்டும் பயன்படுத்துங்கள்.

உள்ளங்கைக் கருவி பார்ப்பதும் பாராததும்

இசிஜி தாளை வாட்ஸ்அப்பில் அனுப்புவதைப் பற்றிக் கொஞ்சம் வெட்கத்தோடு எழுதியிருந்தீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இசிஜி இயந்திரத்தை உருவாக்கி அதற்காக 1924ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற டச்சு அறிஞர் வில்லெம் ஐந்தோவன், 1905ஆம் ஆண்டிலேயே ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து தம் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக இதயப் பதிவை வரவழைத்தார். அவருடைய இயந்திரத்தை நகர்த்த முடியாது. நோயாளிகள் கைகளையும் காலையும் உப்புநீர் வாளிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பி, கியூ, ஆர், எஸ், டி என்று அலைகளுக்கு அவர் வைத்த பெயர்களையே இன்றும் சொல்கிறோம்.

உங்கள் கருவியின் நிலைமையோ வேறு. இரண்டு கைவிரல்களால் தொட்டு எடுக்கும் பதிவு ஒரே ஒரு லீட். கொம்தாரை ஒரே ஒரு சன்னலிலிருந்து பார்ப்பதற்குச் சமம். அது துடிப்பின் ஒழுங்கைப் பார்க்கும். மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாற்றைக் கண்டுபிடிக்க நன்றாக உதவும். அந்தக் கோளாறு பக்கவாதத்தைக் கொண்டுவரக்கூடியது என்பதால் அது சின்ன உதவியும் இல்லை. ஆனால் மாரடைப்பை அதனால் கண்டறிய முடியாது. இத்தகைய கருவிகளையும் கைக்கடிகாரங்களையும் செய்பவர்களே கையேட்டில் அப்படித்தான் எழுதுகிறார்கள். கணவரின் அடைப்பு வந்த அடிச்சுவரை உங்கள் கருவி பார்ப்பதுகூட இல்லை. ‘வகைப்படுத்த முடியவில்லை’ என்ற சொற்களுக்கு, கை நடுங்கியது, விரல் உலர்ந்திருந்தது, இடையில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டது என்று பல பொருள் உண்டு.

மருத்துவமனைத் தாளிலிருந்த ‘இயல்பற்றது’ என்பதும் உங்களைக் காரணமின்றி அலைக்கழித்திருக்கிறது. செத்துத் தழும்பான தசை மின்சாரம் கடத்தாது. அதனால் அந்தப் பக்கம் பார்க்கும் லீட்களில் ஆழமான கியூ அலையும் கவிழ்ந்த டி அலையும் பல ஆண்டுகள், சிலருக்கு வாழ்நாள் முழுவதும், நிலைத்திருக்கும். இயந்திரம் ஒவ்வொரு முறையும் அதைக் கண்டு ‘இயல்பற்றது, பழைய அடிச்சுவர் மாரடைப்பு’ என்று எழுதத்தான் செய்யும். அது பழைய காயத்தின் வடு. அவர் சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வடுவைக் கண்டு அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியதில்லை.

அந்த வடுத்தாளால் பெரிய பயன் ஒன்றுண்டு, அதை விட்டுவிடாதீர்கள். நலமாக இருக்கும்போது எடுத்த பன்னிரண்டு லீட் இசிஜியின் தெளிவான படத்தை உங்கள் கைப்பேசியிலும் அவருடைய கைப்பேசியிலும் வைத்திருங்கள். நாளை வலியோடு போகும்போது, பார்க்கும் மருத்துவருக்கு எது பழையது, எது புதியது என்று ஒரே பார்வையில் தெரியும். அந்த ஒப்பீடு இல்லாமல் நாங்கள் தடுமாறும் இரவுகள் பல.

நீங்களே படிக்கக் கற்றுக்கொள்ளலாமா? ஆர்வத்துக்காக என்றால் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டங்களை எண்ணித் துடிப்பு வேகத்தைக் கணக்கிடுவது ஒரு மணி நேரப் பாடம். வீட்டில் முடிவெடுப்பதற்காக என்றால் வேண்டாம் என்பேன். எஸ்டி பகுதி எழுவதற்கு மாரடைப்பு தவிர வேறு காரணங்களும் உண்டு: சில இளைஞர்களுக்கு அது இயல்பு, நீண்டகால இரத்த அழுத்தத்தால் தடித்த இதயத்தில் வரும், இதய உறையின் அழற்சியிலும் வரும். கை முனைகளை இடம் மாற்றி ஒட்டினாலே தாள் பயமுறுத்தும். இவற்றைப் பிரிக்க எங்களுக்கே ஆண்டுகள் ஆகின்றன, அப்போதும் தவறுகிறோம். எல்லாவற்றையும்விட, வலி இருக்கும்போது நீங்கள் வீட்டில் எடுக்கும் பதிவு நன்றாக இருந்துவிட்டால், அன்று கிளினிக்கில் கிடைத்த அதே பொய் நிம்மதி இப்போது உங்கள் கையாலேயே கிடைக்கும். ஆகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: வலியோ மயக்கமோ மூச்சுத்திணறலோ இருக்கும்போது அந்தக் கருவியை எடுக்கவே கூடாது. வலியில்லாத நாள்களில், படபடப்பு வந்தால் மட்டும் எடுத்து, அடுத்த சந்திப்பில் காட்டுங்கள். காலையும் மாலையும் எடுப்பதை நிறுத்திவிடலாம். உங்கள் கணவரும் அதைத்தான் விரும்புவார் என்று நினைக்கிறேன்.

காரா, ஆம்புலன்ஸா

கொழுந்தனார் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஆம்புலன்ஸ் தாமதமாகும் இரவுகள் உண்டு. ஆனால் அவர் வேகத்தை மட்டும் எண்ணுகிறார். மாரடைப்பின் முதல் சில மணி நேரத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் துடிப்புக் கோளாறு. கீழறைகள் துடிக்காமல் வெறுமே அதிர்கின்றன, இசிஜியில் அது குழந்தை கிறுக்கியதுபோல் தெரியும். அந்த நிலையில் நெஞ்சு அழுத்தலும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தின் நடுவில், அதிகாலை இரண்டு மணிக்கு, நீங்கள் ஒருவரே ஓட்டிக்கொண்டிருந்தபோது அது நேர்ந்திருந்தால் உங்களால் எதுவும் செய்திருக்க முடியாது. ஆம்புலன்ஸில் மின்னதிர்ச்சிக் கருவியும் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவரும் இருப்பார்கள்.

எனவே முதலில் 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். வலி தொடங்கிய நேரத்தையும் ஸ்டெண்ட் வைத்தவர் என்பதையும் சொல்லுங்கள். அவரை நடக்க விடாமல் சாய்ந்து உட்கார வையுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தப்போக்கோ இல்லையென்றால், 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்யலாம். அவர் நாள்தோறும் சாப்பிடுவது 100 மில்லிகிராம் மாத்திரை என்றால் மூன்று. அழைப்பை எடுப்பவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கிரில் கதவைத் திறந்து, வாசல் விளக்கைப் போட்டு, லோரோங் முனையில் ஒருவரை நிறுத்துங்கள். நம் தாமான்களில் ஒரே பெயரில் எண் மட்டும் மாறும் லோரோங்குகளுக்குள் ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டிருப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

வண்டி வர மிகவும் தாமதமாகும் என்று அவர்களே சொன்னால், வேறொருவர் ஓட்ட, நீங்கள் பின்னிருக்கையில் கணவரோடு உட்கார்ந்து செல்லலாம். அப்போதும் பாலத்தைக் கடந்து மனத்துக்குப் பிடித்த மருத்துவமனைக்குப் போகாமல், அவசரப் பிரிவுள்ள மிக அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். சேர்ந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துப் பார்க்கப்பட வேண்டும் என்பது விதி. ஸ்டெண்ட் வைக்கும் வசதி அங்கே இல்லாவிட்டாலும், அந்த வசதியுள்ள இடத்தில் 120 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க முடியாது என்றால், உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்தை அங்கேயே ஏற்றிவிட்டு, பிறகு அனுப்புவார்கள்.

கிளினிக்கைப் பற்றி

முதலில் இரண்டு இடங்களிலிருந்தும் மருத்துவ அறிக்கையையும் இசிஜி தாள்களின் நகலையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் உரிமை. அதன் பின் கிளினிக் மருத்துவரைச் சந்தித்து, ஏன் இன்னொரு இசிஜி எடுக்கவில்லை, ஏன் மருத்துவமனைக்கு அனுப்பவில்லை என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். ‘ஏன் தவறாகப் படித்தீர்கள்’ என்று தொடங்கினால் விவாதம் ஏவிஎல் லீடிலேயே சிக்கிக்கொள்ளும், அதில் நீங்கள் வெல்வது கடினம். வலி திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று அன்று உங்களுக்குச் சொன்னார்களா, அதைக் குறிப்பேட்டில் எழுதினார்களா என்பதும் முக்கியம். விளக்கம் நிறைவளிக்கவில்லை என்றால் மலேசிய மருத்துவ மன்றத்திடம் புகார் செய்யலாம். இழப்பீட்டு வழக்கு என்றால், தீபகற்ப மலேசியாவில் தனியாருக்கு எதிரான கவனக்குறைவு வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டுகள் அவகாசம் உண்டு. அரசு மருத்துவமனை என்றால் 36 மாதங்கள்தான். ஆகவே இன்றிரவே முடிவெடுக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரு வழக்கறிஞரிடம் தாள்களைக் காட்டுவதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம்.

பணம் கட்டாவிட்டால் தனியார் இடங்களில் தொடமாட்டார்கள் என்ற பயத்தில்தான் முதலில் கிளினிக்குக்குப் போனோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின்படி, உயிர்காக்கும் அவசர சிகிச்சையைத் தேவைப்படும் எவருக்கும் அளிக்கத் தனியார் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் கடமைப்பட்டவை. அதற்குப் பிறகான சிகிச்சைக்குச் செலவு உண்டு என்பது வேறு. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் குடிமக்களுக்கு அந்தக் கவலையே தேவையில்லை.

மாமியாரும் மகளும்

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் ஆபத்து வேறு வகை. சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறும்போது டி அலை கூடாரம்போல் கூராக நிமிரும். பிறகு துடிப்பின் அலை அகன்று, கடைசியில் துடிப்பே நின்றுவிடலாம். உங்கள் கருவி இதை நம்பத்தக்க முறையில் காட்டாது. தைப்பூசத்தன்று ஒரு டயாலிசிஸைத் தவறவிட்டு, தண்ணீர்ப்பந்தலில் இளநீரும் குடித்தார் என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். அதை வாசித்து நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் அதிகம். ஒரு முறை தவறிய பிறகு கால்கள் துவண்டாலோ, நாடி மிக மெதுவாகத் துடித்தாலோ, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; அங்கே இசிஜி தாளைப் பார்த்த சில நிமிடங்களில் கால்சியம் ஊசி போட்டு இதயத்தைப் பாதுகாப்பார்கள். திருவிழா வாரங்களில் டயாலிசிஸ் நாளை மாற்ற வேண்டுமானால் மையத்திடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கருவிக்குச் செலவழித்த அக்கறையில் பாதியை, 16 வயதான உங்கள் மகளுக்கும் கொழுந்தனாருக்கும் சிபிஆர் கற்பிக்கச் செலவிடுங்கள். மலேசிய செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் வகுப்பு நடத்துகின்றன. நெஞ்சின் நடுவில், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பொம்மையின் மேல் ஒருமுறை அழுத்திப் பார்த்தால்தான் அதற்கு எவ்வளவு பலம் தேவை என்று கைக்குத் தெரியும். பேரங்காடிகளிலும் விமான நிலையங்களிலும் சுவரில் தொங்கும் ஏஇடி என்ற மின்னதிர்ச்சிக் கருவியை வகுப்பில் தொட்டும் பழகலாம். அது இசிஜியைத் தானே படித்து, தேவை இருந்தால் மட்டும் மின்னதிர்ச்சி தரும். நம் தொலைக்காட்சித் தொடர்களில் நேர்க்கோடாகிவிட்ட இதயத்துக்கு அதிர்ச்சி கொடுப்பார்களே, அதை அந்தக் கருவி ஒருபோதும் செய்யாது, ஏனென்றால் நேர்க்கோட்டுக்கு மின்னதிர்ச்சி பயன்படாது. வகுப்புக்குக் கணவரையும் அழைத்துப் போங்கள். அழுத்தும் பயிற்சியை அவர் செய்ய வேண்டாம், உட்கார்ந்து பார்க்கட்டும். அதற்குள் அவர் அந்த மாத்திரையை மீண்டும் தொடங்கியிருக்க வேண்டும்.